பிச்சையைச் சேர்த்தீர்கள், திருமணத்தை விட்டுவிட்டீர்கள்

பெறுநர்: மத்திய உள்துறை அமைச்சகத்தின் பெண்கள் பாதுகாப்புப் பிரிவு, புது தில்லி
நகல்: வெளியுறவு அமைச்சகம், தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள்

ஐயா, அம்மையீர்,

ஆள்கடத்தலுக்குத் தண்டனை விதிக்கும் பாரதிய நியாய சன்ஹிதா எனும் புதிய தண்டனைச் சட்டத்தின் 143ஆம் பிரிவு பற்றி எழுதுகிறேன். எந்தெந்த நோக்கத்துக்காக ஓர் ஆளைக் கொண்டுவந்தால் அது சுரண்டல் என்று அந்தப் பிரிவின் முதல் விளக்கம் சொல்கிறது. உடல் ரீதியான சுரண்டல், பாலியல் சுரண்டல், அடிமைத்தனம், அதற்கு ஒப்பான வழக்கங்கள், உடலுறுப்பைக் கட்டாயமாக எடுப்பது என்று போகிறது பட்டியல். பழைய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவில் இருந்ததுதான். புதிதாக நீங்கள் சேர்த்தது ஒன்றே ஒன்று: பிச்சையெடுக்க வைப்பது.

அதைச் சேர்த்தது சரியே. என் கேள்வி வேறு. 2018 ஜூலையில் உங்கள் அரசே ஆள்கடத்தல் தடுப்பு மசோதா ஒன்றை மக்களவையில் நிறைவேற்றியது. கடுமையான கடத்தல் வகைகள் என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. பிச்சைக்காகக் கடத்துவது அதில் இருந்தது. திருமணத்துக்காகவோ, திருமணம் என்று சொல்லியோ கடத்துவதும் அதே பட்டியலில் இருந்தது. அந்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறாமல் 2019இல் காலாவதியாகிவிட்டது. 2023 டிசம்பரில் புதிய தண்டனைச் சட்டத்தை எழுதியபோது அந்தப் பட்டியலிலிருந்து பிச்சையை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். திருமணம் காணாமல் போயிற்று. 140க்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த அந்த வாரத்தில், இது ஏன் விடுபட்டது என்று அவையில் எழுந்து கேட்கவும் ஆள் குறைவு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அது என்ன செய்திருக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறவள் என்ற முறையில் இந்த மடல்.

நான் தமிழ்நாட்டில் பிறந்தவள். கணவரின் வேலை நிமித்தம் ஹரியாணாவின் தென்பகுதிக்கு வந்து, இப்போது அங்குள்ள மகளிர் உதவி மையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். எந்த மாவட்டம், எந்த மையம் என்று எழுத மாட்டேன்; எங்களிடம் வரும் பெண்களின் வீட்டார் நாளிதழ் படிக்கிறவர்கள். இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மனுக்களுக்குப் பதில் வரவில்லை. ஆகவே எனக்குக் கோபம் நன்றாக வரும் மொழியில் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

இந்த வியாபாரத்தின் அடிப்படை உங்களுக்குத் தெரியாததல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹரியாணாவில் 1,000 ஆண்களுக்கு 879 பெண்கள். ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 834 பேர்தான். அன்றைய குழந்தைகள் இப்போதுதான் கல்யாண வயதை எட்டத் தொடங்குகிறார்கள். வேலையும் நிலமும் உள்ளவனுக்கு உள்ளூரிலேயே பெண் கிடைத்துவிடுகிறது. நிலம் இல்லாதவன், நாற்பதைத் தாண்டியவன், குடிகாரன், முதல் மனைவியை இழந்தவன், அண்ணன் தம்பி நால்வரில் கடைசியாக மிஞ்சியவன் ஆகியோர் கிழக்கே பார்க்கிறார்கள். அசாம், பிகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று தொடங்கும் அந்தப் பாதை எல்லையோடு நிற்பதில்லை. வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பெண்கள் வருகிறார்கள், ரோஹிங்கியாப் பெண்களும் வருகிறார்கள். உள்ளூரில் இவர்களுக்கு 'மோல்கி' (விலைக்கு வாங்கப்பட்டவள்), 'பாரோ' (அக்கரையிலிருந்து வந்தவள்) என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

தரகர் என்றதும் மீசை முறுக்கிய ஓர் ஆளை நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது முன்னால் வாங்கிவரப்பட்ட ஒரு பெண். "ஊருக்குப் போய்வர வேண்டுமா, வரும்போது ஒருத்தியைக் கூட்டி வா" என்பது அவளுக்கு இடப்படும் நிபந்தனை. அவள் போய்ச் சொல்லும் செய்தியும் கச்சிதமானது: வரதட்சணை வேண்டாம், கல்யாணச் செலவும் மாப்பிள்ளை வீட்டாருடையது. மூன்று பெண்களைப் பெற்றுவிட்டு ஒருத்திக்கே சீர் சேர்க்க முடியாமல் நிற்கும் வீட்டுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. வேறு சிலரிடம் கல்யாணப் பேச்சே எழுவதில்லை. கொல்கத்தாவில் தையல் வேலை, தில்லியில் வீட்டு வேலை என்றுதான் சொல்வார்கள்.

வங்கதேசத்தின் சாத்கீரா மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் அப்படித் தையல் வேலைக்குப் புறப்பட்டவர். இரவில் ஆற்றைக் கடந்து, மறுநாள் ஹவுராவில் ரயிலேறி, தில்லியில் இறங்கியபோது அவரை அழைத்துப் போக வந்தவர்களில் ஒருவர்தான் கணவர் என்று அவருக்கே தெரியாது. புறப்பட்டபோது அவருக்கு 19 வயது. இந்த வயதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். கணவர் இறந்தபின் கொழுந்தனோடு இருக்கச் சொன்னார்கள். மறுத்தார். அறையில் பூட்டி வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எங்களுக்குத் தகவல் சொன்னதால் வெளியே வந்தார்.

காவல் நிலையத்தில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். மாமியாரும் வந்திருந்தார். கள்ளம் எதுவும் இல்லாத கிழவி. துணை ஆய்வாளர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "கறவை எருமையை விற்றுத்தான் இவளைக் கொண்டுவந்தோம். அந்த எருமைக்கு என்ன விலை போயிற்று என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். இப்போது சும்மா போ என்று எப்படி அனுப்புவது?" என்றார். விற்றது யார், வாங்கியது யார், பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு புலனாய்வு அதிகாரி மாதக்கணக்கில் தேட வேண்டியதை, குற்றம் சாட்டப்பட வேண்டியவரே தன் வாயால் சொல்லிவிட்டார். துணை ஆய்வாளர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் 'மருமகள்' என்று எழுதினார். புகாரின் தன்மை: குடும்பத் தகராறு.

143ஆம் பிரிவில் பதியுங்கள் என்றேன். புத்தகத்தை எடுத்துப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். "இதில் கல்யாணம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் மேடம்" என்றார். அவர் கெட்டவர் அல்ல, சோம்பேறியும் அல்ல. எழுதியிருப்பதைப் படித்தார், அவ்வளவுதான்.

அடிமைத்தனத்துக்கு ஒப்பான வழக்கங்கள் என்ற சொற்களுக்குள்ளேயே திருமண விற்பனையும் அடங்கும் என்று உங்கள் சட்ட ஆலோசகர் சொல்லக்கூடும். உண்மைதான். 1956ஆம் ஆண்டின் அடிமைமுறை ஒழிப்புத் துணை உடன்படிக்கை, மறுக்கும் உரிமையில்லாத ஒரு பெண்ணைப் பணத்துக்கோ பொருளுக்கோ மணமுடித்துக் கொடுப்பதை அடிமைமுறைக்கு ஒப்பான வழக்கங்களில் ஒன்றாகவே சொல்கிறது. 1960இல் இந்தியா அதை ஏற்று உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் ஒரு மூத்த வழக்கறிஞர் இதை அழகாக வாதாடி வெல்லலாம். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஒரு கிராமத்துக் காவல் நிலையத்தில் 1956ஆம் ஆண்டு உடன்படிக்கையை யார் தேடிப் படிப்பார்கள்? பிச்சைக்கு மட்டும் ஏன் அந்தப் பொதுச் சொற்கள் போதாமல் தனியாக எழுதினீர்கள்?

கட்டாயத் திருமணத்துக்காகக் கடத்துவதைத் தண்டிக்க 87ஆம் பிரிவு இருக்கிறதே என்பது அடுத்த பதில். அந்தப் பிரிவை நான் நன்றாக அறிவேன். நான் பார்த்தவரை, தன் விருப்பத்துக்கு வேறு சாதிப் பையனோடு போன பெண்ணின் தகப்பனார்தான் அதைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு நாட்டிலிருக்கும் தகப்பனார் இங்கே வந்து அந்தப் பிரிவில் புகார் கொடுக்கப் போவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், ஆள்கடத்தலின் நோக்கம் என்ற அட்டவணையில், கட்டாயத் திருமணத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. எண்ணுவதற்கு இடம் வைத்திருக்கிறீர்கள்; வழக்குப் பதிவதற்கு வைக்கவில்லை. பதியாத வழக்கு அந்தக் கட்டத்துக்குள் எப்படிப் போய்ச் சேரும்?

இப்போது அந்த 19 வயதுக்கு வருகிறேன். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, திருமணத்துக்காக விற்கப்பட்ட சிறுமியின் திருமணம் செல்லாது என்று நேரடியாகச் சொல்கிறது. ஆக, திருமணத்துக்காக விற்பது என்ற ஒன்று இந்த நாட்டில் நடக்கிறது என்பதை நம் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் 18 நிறைந்த மறுநாள் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அதே தரகர், அதே பணம், அதே ரயில். பெண்ணின் வயது மட்டும் 17க்குப் பதில் 19. அவர் வாங்கப்பட்டவர் அல்ல, மணமகள் ஆகிவிடுகிறார். கணவர் என்ற தகுதி வந்தபின் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலுள்ள விதிவிலக்கும் வந்துவிடுகிறது. 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் இந்தச் சட்டத்தில் அது வல்லுறவு ஆகாது. அதாவது, பணம் கொடுத்து வாங்கியவன் ஊர்க்கோயிலில் ஒரு மாலையை மாற்றிக்கொண்டாலோ, நிக்காஹ் ஓதவைத்தாலோ, பத்துப் பேருக்குச் சாப்பாடு போட்டாலோ, இரண்டு குற்றங்களிலிருந்து ஒரே நாளில் தப்பிவிடுகிறான்.

எல்லையைக் கடந்து வந்த பெண்ணுக்கோ அன்றைய தினத்திலிருந்து புதிதாக ஒரு குற்றம் ஏறுகிறது. 2025 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின்படி, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் உள்ளே வந்தவருக்கு 5 ஆண்டுவரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். கடத்தி வரப்பட்டவர்களை இப்படித் தண்டிக்கக் கூடாது என்பதற்காகத்தான் 2012 மே 1 அன்று உங்கள் அமைச்சகமே மாநிலங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. விசாரணையில் அந்தப் பெண் கடத்தலுக்கு ஆளானவர் என்று தெரிந்தால் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் அவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக்கூடாது என்கிறது அது. நல்ல அறிவுரை. ஆனால் அது பெயர் சொல்லும் 1946ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. நான் பேசிய காவல் அதிகாரிகளில் அதைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. கேள்விப்பட்டிருந்தாலும் பயன் குறைவு. கடத்தலுக்கு ஆளானவர் என்று எழுத 143ஆம் பிரிவு வேண்டும், அதில்தான் திருமணம் இல்லையே.

2025 மே மாதம், வங்கதேசத்திலிருந்தும் மியான்மரிலிருந்தும் சட்டவிரோதமாக வந்ததாகச் சந்தேகிக்கப்படுவோரை 30 நாட்களுக்குள் சரிபார்க்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவு போனது. அந்தக் கோடையில் குருகிராமின் சமுதாயக் கூடங்களில் வங்கமொழி பேசும் தொழிலாளர்களை அடைத்து வைத்ததை நாடே பார்த்தது. இந்தியக் குடிமக்களும் அதில் சிக்கினார்கள். அவர்களுக்காகப் பேச மேற்கு வங்க அரசு இருந்தது, தொழிற்சங்கங்கள் இருந்தன, நீதிமன்றம் இருந்தது. எங்கள் பெண்களுக்காகப் பேச ஒருவரும் இல்லை. எங்கள் மையத்துக்கு முன்பு வந்து போயிருந்த ஒரு பெண்ணை அந்தச் சமயத்தில் அழைத்துப் போனார்கள். பத்து ஆண்டுக்கு மேல் ஒரே வீட்டில் சமைத்து, மாடு கறந்து, பிள்ளை பெற்று வாழ்ந்தவர். காவல் நிலையத்தில் அவரிடம் கேட்டது எங்கே பிறந்தாய் என்பதை மட்டும். எப்படி வந்தாய், யார் கூட்டி வந்தார்கள், யார் பணம் வாங்கினார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்கவில்லை. வாங்கியவர் வாசல்வரை கூடவே வந்து நின்றார். யாரும் அவரைப் பெயர்கூடக் கேட்கவில்லை. பெண் எல்லைக்கு அப்பால் இருப்பதாக அவருடைய உறவினர் மூலம் பிறகு தெரிந்தது. பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

முறைப்படி அனுப்பிவைப்பதும் எளிதல்ல. சாத்கீராப் பெண்ணின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுரிமையைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். ஊர், ஒன்றியம், வார்டு உறுப்பினர் பெயர், படித்த பள்ளி ஆகியவற்றைக் கேட்டார்கள். பள்ளிக்கே போகாதவர் அவர். அவருடைய ஆதார் அட்டையில் இருப்பது மாமியார் வைத்த பெயர், கொழுந்தன் ஊகித்த பிறந்த ஆண்டு. எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள ஒரு தொண்டு நிறுவனம் தாயின் கைபேசி எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. பேச வைத்தோம். நாலு வாக்கியம் வங்கத்தில் போனது, அழுகை வந்ததும் ஹரியாணவியாக மாறிவிட்டது. இத்தனை ஆண்டும் திட்டு வாங்கியது, பிள்ளையைக் கொஞ்சியது எல்லாம் அந்த மொழியில்தானே. அந்தப் பக்கத்திலிருந்து தாய், இது யார் பேசுவது என்று கேட்டார். ஒரு தாய்க்கே வந்த சந்தேகம் தூதரக அலுவலருக்கு வராதா? அந்தப் பெண் நீண்ட காலம் காப்பகத்தில் இருந்தார். குற்றம் செய்யாதவரை அடைத்து வைப்பதற்குக் காப்பகம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். இந்தப் பகுதியை உங்கள் அதிகாரிகள் இரண்டு முறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவில் பிறக்கும் குழந்தை பிறப்பால் குடிமகனாக வேண்டுமென்றால், பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருப்பது போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது. தகப்பன் ஏழு தலைமுறையாக அதே ஊரில் இருப்பவனாக இருக்கலாம். தாய் கடவுச்சீட்டு இல்லாமல் கொண்டுவரப்பட்டவர் என்றால் குழந்தை பிறப்பால் இந்தியன் அல்ல. தாயை விலைக்கு வாங்கிய குற்றம் தகப்பனுடையது. தண்டனை பிள்ளைக்கு. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இன்று ஆதார் இருக்கிறது, பள்ளிச் சேர்க்கை இருக்கிறது. யாரும் துருவிப் பார்க்காததால் ஓடிக்கொண்டிருக்கிறது. துருவிப் பார்க்கும் காலம் வந்துவிட்டதால்தான் கவலை. தாய் காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்தால் முதலில் அம்பலமாவது அவள் பிள்ளையின் நிலைதான். ஏன் இவர்கள் புகார் கொடுப்பதில்லை என்று கருத்தரங்குகளில் கேட்கிறார்களே, இதுதான் பதில்.

வெளியுறவு அமைச்சகத்துக்குச் சில வார்த்தைகள்.

2002 ஜனவரியில் காத்மாண்டுவில் கையெழுத்தான சார்க் உடன்படிக்கை, பெண்களையும் குழந்தைகளையும் கடத்துவதைத் தடுக்க இந்தத் துணைக்கண்டம் செய்துகொண்ட ஒரே பொது உடன்பாடு. அது பேசுவது பாலியல் தொழிலுக்காகக் கடத்துவதை மட்டும். மோசடித் திருமணமும் குழந்தைத் திருமணமும் அதில் வருகின்றன. பாலியல் தொழிலில் தள்ளுவதற்கான தந்திரங்கள் என்ற அளவில். பெண்ணைத் திருமணத்திலேயே நிறுத்திவிட்டால் அந்த உடன்படிக்கைக்கு அங்கே வேலை இல்லை. ஆள்கடத்தலைத் தடுப்பதற்கான ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டுப் பலெர்மோ நெறிமுறையை 2011இல் இந்தியா உறுதி செய்தது. அதன் சுரண்டல் பட்டியலிலும் கட்டாயத் திருமணம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. ஆனால் 'குறைந்தபட்சம்' இவையிவை என்றுதான் அது தொடங்குகிறது. மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். மற்றவர்கள் கட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தன் ஆள்கடத்தல் ஆணையைத் திருத்திக் கட்டாயத் திருமணத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. அவ்வளவு தூரம் போவானேன், வங்கதேசத்தின் 2012ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் மோசடித் திருமணத்தின் மூலமான சுரண்டலை வெளிப்படையாகவே பட்டியலிட்டிருக்கிறது. பெண்ணை இழக்கும் நாட்டின் சட்டத்தில் அது இருக்கிறது. வாங்கும் நாட்டின் சட்டத்தில் இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நவீன அடிமைத்தனத்தில் இருக்கும் 5 கோடிப் பேரில் 2.2 கோடிப் பேர் கட்டாயத் திருமணத்தில் இருக்கிறார்கள். ஆள்கடத்தலுக்கும் திருமணத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2020இல் தனி அறிக்கையே வெளியிட்டது. ஆக, விவரம் தெரியாமல் நடப்பது அல்ல இது.

அண்டை நாட்டு உறவு கெட்டுவிடக் கூடாதே என்று பெண்களை மறந்துவிடும் வழக்கமும் புதிதல்ல. பாகிஸ்தானில் சீன ஆண்களுக்கு மணப்பெண்களாக விற்கப்பட்ட 629 பெண்களின் பட்டியலை அந்நாட்டுப் புலனாய்வாளர்களே தொகுத்தார்கள். அசோசியேட்டட் பிரஸ் 2019 டிசம்பரில் அதை வெளிக்கொண்டு வந்தது. அதற்கு முன்பே, அக்டோபரில், பைசலாபாத் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 31 சீனர்களை விடுவித்துவிட்டது. பெய்ஜிங்கோடு உள்ள உறவுக்குப் பங்கம் வரக்கூடாது என்று விசாரணையை மெதுவாக்கச் சொன்னதாக அதிகாரிகளே அந்தச் செய்தியில் பேசியிருந்தார்கள். மியான்மரின் கச்சின் மாநிலத்தில் 2011இல் மீண்டும் போர் மூண்டபின் அகதி முகாம்களிலிருந்து சீனாவுக்கு விற்கப்பட்ட பெண்களின் கதையும் அதே வகை. இன்று நிலைமை எப்படி என்றால், டாக்காவிலுள்ள சீனத் தூதரகமே 2025 மே மாதம் தன் குடிமக்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது, வெளிநாட்டு மனைவிகளை வாங்காதீர்கள் என்று. அதுகூட நம்மிடமிருந்து வரவில்லை. 2024 ஆகஸ்டில் அங்கே ஆட்சி மாறியபின் டாக்காவுடன் நம் உறவு சீர்குலைந்தது என்பதை நானும் அறிவேன். ஆனால் தரகர்கள் உறவு சீராகட்டும் என்று காத்திருக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இந்த மடலையே ஆயுதமாக்கிக்கொள்வார்கள். கிழக்கிலிருந்து வந்து இங்கே வாழ்க்கைப்பட்ட ஒவ்வொரு பெண்ணும் கடத்தப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. வறுமையில், வயது வித்தியாசத்தில், மொழி தெரியாத ஊரில் தெரிந்தே மணந்துகொண்டு, பிறகு குடும்பத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது எங்கள் பக்கத்துக் கிராமத்தில் பஞ்சாயத்துக் கூட்டத்துக்கே வந்து சண்டை போடுகிறாள். நான் அவளுக்குப் பயப்படுவேன். விற்கப்பட்டு வந்தவர்களிலும் பலர் திரும்பிப் போக விரும்புவதில்லை. அங்கே தாய் இறந்திருப்பார், தம்பி மனைவி சேர்த்துக்கொள்ள மாட்டாள், இங்கே பிள்ளை எட்டாம் வகுப்பு படிக்கும். ஜீப்பில் போய்க் கதவை உடைத்து, பெண்ணை ஏற்றி, காப்பகத்தில் இறக்கிவிட்டு, மீட்டுவிட்டோம் என்று புகைப்படம் எடுத்துக்கொள்வதை நான் கேட்கவில்லை. அந்த மீட்பைப் போதுமான அளவு பார்த்துவிட்டேன். விலைபேசி வாங்கியது குற்றம் என்று சட்டம் சொல்ல வேண்டும். அதன்பின் இருப்பதா போவதா என்று அந்தப் பெண் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் சொல்வதற்கு அவருக்குக் காலூன்ற ஓரிடம் தேவை. அதைத் தருவது உங்கள் வேலை.

ஆகவே கேட்கிறேன்.

143ஆம் பிரிவின் முதல் விளக்கத்தில் கட்டாயத் திருமணத்தையும், திருமணம் என்ற பெயரில் விற்பதையும் வாங்குவதையும் சேர்க்கும் திருத்த மசோதாவை வரும் கூட்டத்தொடரிலேயே கொண்டுவாருங்கள். வாசகம் தேடி அலைய வேண்டாம், 2018ஆம் ஆண்டு மசோதாவில் நீங்கள் எழுதியதே இருக்கிறது. பணம், ஏமாற்று, பலவந்தம் ஆகிய வழிமுறைகளில் ஏதேனும் ஒன்று இருந்தால்தான் குற்றம் என்ற இப்போதைய நிபந்தனை அப்படியே இருக்கட்டும். சாதி மாறியும் மாநிலம் மாறியும் மணந்தவர்களை இந்தப் பிரிவில் துன்புறுத்த இடம் தராதீர்கள். கடத்தல் என்று நிரூபிக்கப்பட்ட வழக்கில், வாங்கியவர் கணவர் என்ற விதிவிலக்கை 63ஆம் பிரிவின் கீழ் கோர முடியாது என்றும் அதே மசோதாவில் எழுதுங்கள்.

கடத்தி வரப்பட்ட பெண்ணுக்கு, அவர் சாட்சி சொன்னாலும் சொல்லாவிட்டாலும், இந்தியாவில் தங்க அனுமதி தாருங்கள். பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ தங்குவதற்கு வழிசெய்வதைப் பரிசீலிக்கும்படி பலெர்மோ நெறிமுறையின் 7ஆம் பிரிவு கேட்கிறது. திரும்ப அனுப்புவது இயன்றவரை அவர் விருப்பப்படியே நடக்க வேண்டும் என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டையும் நீங்கள் ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். தகப்பன் இந்தியனாக இருக்கும் பிள்ளைகள், தாய் கடத்தலுக்கு ஆளானவர் என்றால், பிறப்பாலேயே இந்தியர் என்று குடியுரிமைச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கை எழுதுங்கள். ஒரே ஒரு வரி போதும்.

வெளியுறவு அமைச்சகம், 2015இல் வங்கதேசத்துடன் செய்துகொண்ட ஆள்கடத்தல் தடுப்பு உடன்பாட்டின் செயல்முறையில் திருமணக் கடத்தலைத் தனியாகச் சேர்க்கவும், நாட்டுரிமைச் சரிபார்ப்புக்குக் கால வரம்பு வைக்கவும் டாக்காவுடன் பேச வேண்டும். சார்க் மாநாடு 2014க்குப் பிறகு கூடவே இல்லை. அந்த உடன்படிக்கையைத் திருத்தும்வரை காத்திருங்கள் என்று எங்களிடம் சொல்லாதீர்கள்.

கடைசியாக, நாடாளுமன்றம் தேவைப்படாத ஒரு வேலை. 2012ஆம் ஆண்டு அறிவுரையை 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரோடும் பிரிவு எண்களோடும் புதுப்பித்து, இந்தியிலும் அந்தந்த மாநில மொழியிலும் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் அனுப்புங்கள். ஆவணமில்லாத எந்தப் பெண்ணையும் எல்லைக்கு அனுப்புமுன், வீட்டார் அருகில் இல்லாமல், அவர் மொழி தெரிந்த ஒரு பெண் அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று அதில் கட்டாயமாக்குங்கள். எப்படி வந்தாய், யார் கூட்டி வந்தார்கள், யார் பணம் வாங்கினார்கள் என்ற மூன்று கேள்விகளும் பதில்களும் எழுத்தில் பதிவாகாமல் ஒருவரையும் அனுப்பக்கூடாது என்று எழுதுங்கள். இந்தச் சுற்றறிக்கை வெளியாகும் வரை, சிறு குழந்தைகளின் தாய்மார்களை எல்லை தாண்டி அனுப்புவதை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
ஹரியாணாவில் பணிபுரியும் தமிழ்நாட்டு ஆலோசகர் ஒருவர்